விமானத்துக்குள் மாமா இல்லை

விருத்தாசலம்
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள தம்பி நந்தகுமாருக்கு,

அக்கா காவியா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் வெயிலில் நடந்து போய்ப் போடப்போகிற கடிதம் இது.

போன வெள்ளிக்கிழமை மணவாளநல்லூருக்குப் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் உன் மேல் ஒரு பிராது கட்டலாம் என்று உட்கார்ந்தேன். வரப்பை வெட்டினவன் மேலும் வண்டியைத் திருடினவன் மேலும் ஊர் ஜனம் சாமிக்கு எழுதிக் கட்டுகிறது. நான் கூடப்பிறந்தவன் மேல் எழுதப் போனேன். 'என் தம்பி நான்கு மாதமாக என்னோடு பேசவில்லை, என் நம்பரை போனில் தடுத்து வைத்திருக்கிறான்' என்று ஆரம்பித்தேன். தாளின் இரண்டு பக்கமும் தீர்ந்துவிட்டது, உன் குற்றம் தீரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ எழுதுனா சாமி எப்பம்மா படிக்கும், சுருக்கமா எழுது" என்றாள். சுருக்கமாக எழுத எனக்கு வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி பூர்ணிமாவுக்குக் காது குத்தியபோது நீ வந்து சேரவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை, நம் பெரியம்மா மகன் நல்லமுத்து அண்ணன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டோம். அவரும் மாமன் முறைதான் என்றாலும் தப்பு தப்புதான். எல்லாம் முடிந்து இலை போட்ட பிறகு நீ சீர்த்தட்டோடு வந்து நின்றாய். தட்டைப் பந்தலில் வைத்தாய். "இனிமே உங்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாய். என் தப்பு என்று சொல்லத்தான் அன்றிலிருந்து முயல்கிறேன். சொல்லவிட்டால்தானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்கு இரண்டேகால் வயதாகிறது. வானத்தில் சத்தம் கேட்டால் போதும், தட்டில் இருக்கும் சோற்றைக் கவிழ்த்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். 'ஏபேன், ஏபேன்' என்று ஒரே கூத்து. ஒருநாள் நான் வாய் தவறி, "அதுல மாமா போறாரு பாரு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். நீ மியூசியத்தில் விமானத்தைத் துடைப்பவன், ஓட்டுபவன் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அன்றிலிருந்து போகிற வருகிற விமானத்துக்கெல்லாம் மாமா டாட்டா.

ஜூலை ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, என் வீட்டுக்காரர், உன் திலீபன் மாமா, பெங்களூருக்கு வருகிறார். அவருடைய பீங்கான் பட்டறையில் செய்த, கரண்ட் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கேரியர் சாம்பிளை அங்கே ஒரு கடையில் காட்ட வேண்டுமாம். நானும் குழந்தையும் கூட வருகிறோம். அவளுக்கு உன் மியூசியத்தைக் காட்டப் போகிறேன். நீ பேச வேண்டாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறவர்களை உன்னால் துரத்த முடியாது.

காகிதத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பது களிமண். அச்சிலிருந்து எடுத்த பீஸ்களுக்கு ஸ்பாஞ்சால் ஓரம் துடைத்துவிட்டு, அந்தக் கையோடு எழுதுகிறேன்.

உன் அக்கா,
காவியா

&nbsp;

பெங்களூரு
16.6.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

வருவதென்றால் காலையிலேயே வந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் வெளியே நிற்கும் விமானங்களின் தகடு சூடேறிவிடும், குழந்தை கை வைத்தால் அழும். தொப்பியும் மாற்றுத்துணி இரண்டும் எடுத்து வா. ஒன்று போதாது, எனக்குத் தெரியும். இந்த வயதுக் குழந்தைகளை நான் தினமும் பார்க்கிறேன். பெற்றவர்கள் தோளில் தூக்கி வைத்து, இதோ பார், அதோ பார், எவ்வளவு பெரிய விமானம் என்று காட்டுவார்கள். அதுகள் கீழே இறங்கி எறும்பைப் பார்க்கும். அதற்காக அவளை அதட்டாதே. அவளுக்கு எது பெரியதாகத் தெரிகிறதோ அதைத்தான் பார்ப்பாள்.

அவள் இன்னும் பால்சோறுதான் சாப்பிடுகிறாளா? நலம் விசாரிப்பதற்காகக் கேட்கவில்லை. இங்கே கேன்டீனில் தயிர்சாதம்தான் கிடைக்கும், அதற்காகக் கேட்டேன்.

மாமா விமானத்தில் போகிறார் என்று ஏன் சொன்னாய்? நான் இதுவரை விமானத்தில் ஏறிப் பறந்ததே இல்லை. ஏணி வைத்து இறக்கையின் மேல் ஏறித் துடைத்திருக்கிறேன், பெயின்ட் உரிந்த இடத்தில் பூசியிருக்கிறேன், அவ்வளவுதான். குழந்தையிடம் பொய் சொல்லி வளர்க்காதே.

நான் அன்றைக்கு டியூட்டியில் இருப்பேன். மற்றப் பார்வையாளர்களிடம் எப்படி நடந்துகொள்வேனோ அப்படித்தான் உங்களிடமும் நடந்துகொள்வேன். திலீபன் மாமாவுக்கு இது பொருந்தாது. அவரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

நந்தகுமார்

&nbsp;

விருத்தாசலம்
9.7.2025

நந்தாவுக்கு,

அது என்னடா 'மேடம்'? "வாங்க மேடம், பையை அங்க வைங்க மேடம்." உனக்கு மூக்குச் சிந்திவிட்டு, தலை வாரி, பள்ளிக்கூட வாசல் வரை இழுத்துக்கொண்டு போனவள் நான். திலீபன் மாமா ரயிலில் சேலம் வரும்வரை அதையே சொல்லிச் சிரித்தார். இப்போது வீட்டிலும், "மேடம், டீ கெடைக்குமா" என்று ஆரம்பித்திருக்கிறார். இதற்கும் நீதான் பொறுப்பு.

கேட்டில் உன்னைப் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறாய். காதுவரை தொப்பியை இறக்கிவிட்டிருந்தாய், அதனால் பூர்ணிக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. அவள் உன்னைக் கடைசியாகப் பார்த்தது போன தீபாவளிக்கு. காதுகுத்து அன்று நீ வந்தபோது அழுது களைத்துத் தூங்கிவிட்டிருந்தாள்.

நீ எழுதியது அப்படியே நடந்தது. சண்டை விமானம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, உன் மருமகள் அதன் நிழலில் குந்தி எறும்பு வரிசையைப் பார்க்கிறாள். திலீபன் மாமாவுக்குத் தாங்கவில்லை. "முந்நூறு கிலோமீட்டரு வந்து எறும்ப பாக்கறியே கண்ணு, அது நம்ம வூட்டு அடுப்பாங்கரையிலயே இருக்குதே" என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹெலிகாப்டருக்குக் கால் நிமிஷம். அதன் சக்கரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த இலைக்குப் பத்து நிமிஷம். பிறகு நீ வந்து, "பாப்பா, அங்க ஒரு எஞ்சினுக்குள்ள மைனா கூடு கட்டியிருக்குது, பாக்கறியா" என்றதும் உன் விரலைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். பெற்றவள் நான் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

அங்கேதான் ஆரம்பித்தது நம் இருவருடைய கூத்து. "பாப்பா, அம்மாவ தள்ளி நிக்கச் சொல்லு, ஏணி இருக்குது" என்கிறாய். நான் மட்டும் சும்மா இருப்பேனா? "பூர்ணி, அந்த அண்ணன் காலையில சாப்புட்டாரான்னு கேளு" என்றேன். "பாப்பா, சாப்புட்டாச்சுன்னு சொல்லு." "பூர்ணி, என்ன சாப்புட்டாராம்?" குழந்தை உன்னையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், "மைனா" என்றாள். திலீபன் மாமா ஐஸ்கிரீம் வாங்கி வருகிறேன் என்று நழுவியவர்தான், திரும்பி வரும்போது அவர் வாயில் மட்டும் ஐஸ்கிரீம் இருந்தது.

பைலட் உட்காரும் இடத்தில் நீ தூக்கி உட்காரவைத்தாய். குச்சியைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். கடைசியில் ஏன் இறங்க மனம் வரவில்லை என்று தெரிந்தது. சீட் நனைந்துவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ முகம் சுளிக்காமல் உன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "பரவால்ல மேடம், வாரத்துக்கு நாலு பைலட்டு இப்பிடித்தான்" என்றாய். உன் பக்கமே திரும்பாமல் சிரித்துக்கொண்டேன், தெரியுமா?

அந்தப் பெரிய பயணிகள் விமானத்துக்குப் பக்கத்தில் போனபோதுதான் அவளுக்கு எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் வந்தது போல. அதன் வயிற்றில் உள்ளங்கையால் தட்டினாள். "மாமா, வா. மாமா, வெளிய வா." கதவு பூட்டியிருந்தது. ஒவ்வொரு ஜன்னலாக நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். நீ இரண்டடி தள்ளி நின்றாய். இப்போது சொல்வாய், இப்போது சொல்வாய் என்று நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான்தான் மாமா' என்று ஒரு சொல். குழந்தையிடம் சொன்னால் என்னிடம் பேசியதாக ஆகாது. நீ சொல்லவில்லை. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "மாமா இல்ல" என்றாள். அந்த நிமிஷம் உன்னை அங்கேயே இரண்டு அறை விட்டிருப்பேன்.

அப்புறம் நீ அவளைத் தூக்கிக்கொண்டாய். முக்கால் மணி நேரம் கீழே இறக்கவில்லை. உன் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கினாள். அதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. இவ்வளவு சுலபமாகப் போய்விட்டதே என்று என் மேலேயே எனக்குக் கோபம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கேட்டில் அவளை என்னிடம் கொடுக்கும்போது அவள் முகத்தைக் குனிந்து பார்த்தாய். அப்படியே திரும்பி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாய். திலீபன் மாமாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன்?

காவியா

&nbsp;

பெங்களூரு
17.7.2025

அக்காவுக்கு,

ஏன் என்று கேட்டிருக்கிறாய். உனக்கே தெரியும்.

அவள் தூங்கும்போது தலைமுடி ஒதுங்கிவிட்டது. இடது காதில் தோடு இல்லை. தோடு மட்டுமா, துளையே இல்லை. சின்னதாக ஒரு வடுதான் இருந்தது. காலையிலேயே யோசித்தேன், இந்தப் புழுக்கத்தில் குழந்தையின் முடியைக் காதை மூடும்படி இழுத்து எதற்கு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறாள் என்று. எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறாய். என்ன ஆயிற்று அந்தக் காதுக்கு? எப்போது ஆயிற்று? எவ்வளவு வலித்திருக்கும் அவளுக்கு? என்னிடம் சொல்ல வேண்டும் என்று உங்கள் வீட்டில் ஒருவருக்குமே தோன்றவில்லையா?

தோன்றாதுதான். அதையும் இப்போது எழுதிவிடுகிறேன். காது குத்த என்னை விட்டுவிட்டு வேறு மடியில் உட்காரவைத்தாய் என்பதற்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்காக இல்லை. நேரம் போய்விட்டால் குத்தத்தான் வேண்டும், அது எனக்குப் புரியாதா? அன்றைக்கு நான் பந்தலுக்குள் நுழைந்ததும் நல்லமுத்து அண்ணன்தான் எதிரில் வந்தார். என் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். "ஒன்ன வரவேணாம்னு சொல்லிட்டேன்னு காவியா சொல்லுச்சே, அப்பறம் எதுக்குடா வந்த?" என்றார்.

சுற்றி இருபது பேர் இருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? நீயே என்னை வரவேண்டாம் என்று ஊர்முன்னால் சொல்லியிருக்கிறாய். என்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை, ஊரிடம் சொல்லியிருக்கிறாய். நான் வருவது உனக்கு அவமானமா? மியூசியத்தில் துணியும் வாளியுமாக நிற்பவன் உன் புகுந்த வீட்டார் முன்னால் மாமன் என்று உட்காரக் கூடாதா? இதை நேரில் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் பேசமாட்டேன் என்றேன்.

நான்தான் மாமா என்று ஏன் சொல்லவில்லை என்கிறாய். குழந்தைக்கு உறவைக் காட்டிக்கொடுக்க வேண்டியவள் பெற்றவள். "இதோ உன் மாமா" என்று நீ சொல்வாய் என்று நானும் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை மாமன் என்று சொல்ல உனக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் தட்டிய இடத்தில் பிஸ்கட் கையோடு ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. மறுநாள் அந்த விமானத்தைத் துடைக்கும் முறை என்னுடையது. சுற்றிலும் துடைத்துவிட்டு அதை விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் இன்னும் பார்க்கவில்லை.

காதுக்கு என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

நந்தகுமார்

&nbsp;

விருத்தாசலம்
25.7.2025

என் கண்ணு நந்தாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு, கையில் இருந்த பீஸை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். திலீபன் மாமா என்னை எழுப்பிவிட்டார். வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னார்.

சொன்னேன். வரவேண்டாம் என்று நான்தான் சொன்னதாக எல்லோரிடமும் சொன்னேன். நல்லமுத்து அண்ணன் பொய் சொல்லவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று கேள்.

காலை எட்டரைக்கு நேரம். ஏழு மணியிலிருந்து உனக்கு போன் போடுகிறேன், ஸ்விட்ச் ஆஃப். எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். "மாமங்காரன் எங்க? இன்னும் காணும்?" "சீரு செய்யணும்னதும் நைசா நழுவிட்டானா?" "பெங்களூரு போனா அக்காவாவது ஒண்ணாவது." ஆளுக்கொரு வார்த்தை. என் மாமியார்கூட வாய் திறக்கவில்லை, பந்தலில் சாப்பிட வந்தவர்கள்தான் பேசினார்கள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், உன்னைச் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "எந்தம்பிக்கு லீவு கெடைக்கல. நான்தான் வரவேணாம்னு சொன்னேன். அவன் மேல யாரும் கொற சொல்லாதீங்க."

அவ்வளவுதான் நான் செய்தது. உன் பெயர் கெடக்கூடாது என்று ஒரு பொய் சொன்னேன். நீ வரமாட்டாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து நீ சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து தட்டோடு நிற்கிறாய். அந்தப் பொய் உன் மேலேயே போய் விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ அவமானமா எனக்கு? இன்னொரு முறை அப்படி எழுதினால் நிஜமாகவே கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிடுவேன். அன்றைக்கு மியூசியத்தில் திலீபன் மாமாவிடம் நான் காட்டியது விமானத்தை இல்லை. இறக்கை பளபளவென்று இருப்பதைக் காட்டி, "எந்தம்பி தொடச்சது" என்றுதான் ஒவ்வொன்றையும் காட்டினேன்.

இப்போது காது. குத்திய பத்தாம் நாள் இடது காது வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் தோட்டைக் கழற்றச் சொன்னார். மருந்து போட்டு ஆறியது, ஆனால் துளை தூர்ந்துவிட்டது. வலது காது நன்றாக இருக்கிறது. நிறைய அழுதாள், உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அழுதது வலித்தபோதுதான், மறுநாள் விளையாடப் போய்விட்டாள். நான்தான் பல நாள் அழுதேன்.

ஏன் மறைத்தேன் என்றால், இரண்டு மூன்று பேர், "மாமன் வயிறெரிஞ்சு போனான், அதான் புள்ள காது புண்ணாப் போச்சு" என்று சொன்னார்கள். நீ அப்படி எரிகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பேச்சு உன் காதுக்கு வந்தால், நீயே அதை நம்பிவிடுவாய். என்னால்தான் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிடுவாய். சின்னப் பிள்ளையிலிருந்தே நீ அப்படித்தான். அதனால்தான் முடியை இழுத்துவிட்டேன்.

ஆவணியில் மறுபடி குத்த வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நல்லமுத்து அண்ணனைக் கேட்டதற்கு, "நான் இனிமே மடியில வைக்கமாட்டேன், அவனக் கூப்புடு" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் நான் விடப்போவதில்லை. நீ இல்லாமல் அந்தக் காதை ஒருவர் தொடக்கூடாது. நீ வராவிட்டால் அவள் ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போகட்டும், கல்யாணமும் பண்ணிக்கொள்ளட்டும்.

அன்றைக்கு நீ எங்கே இருந்தாய், நந்தா? ரயில் தாமதமா? இதுவரை நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

அக்கா

&nbsp;

பெங்களூரு
4.8.2025

அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்தப் பொய்யை நீ எழுந்து நின்று சொன்னதை நினைத்தால் ஒருபுறம் சிரிப்பு வருகிறது. ஆறு மாதம் வீணாகப் போய்விட்டது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் புத்தி அப்படி.

ரயில் தாமதம் இல்லை. ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. விடியும்போது விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கிவிட்டேன். எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். திலீபன் மாமாவிடம்கூடச் சொல்லாதே. சொன்னால் அவர் மூலமாக நல்லமுத்து அண்ணன் வரைக்கும் போய்விடும், அண்ணன் ஆயுசுக்கும் சிரிப்பார்.

நல்லூர்ப் பக்கம் ஏரிக்கரையில், நம் குலசாமி வீரனார் கோயிலில் இருந்தேன்.

உன் காதும் என் காதும் அங்கேதானே குத்தினார்கள். அப்பா காதும் அங்கேதான் என்று சொல்வார்கள். பூர்ணிக்குக் காதுகுத்து என்றதும் என் மனதில் அந்த இடம்தான் வந்தது, வேறு இடம் இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை. நீ அனுப்பிய பத்திரிகை பையிலேயே இருந்தது. தேதி மட்டும் பார்த்தேன். அக்கா வீட்டுப் பத்திரிகையில் இடத்தை யார் படிப்பார்கள்?

ஆறரை மணிக்கே போய்விட்டேன். யாரும் இல்லை. சரி, நாம்தான் முதலில் வந்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது. தட்டைத் துடைத்து, பழம் அடுக்கி, பட்டுப்பாவாடையின் மேல் தோட்டு டப்பாவை வைத்து, நீ வந்ததும் பார்க்கும்படி எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரயிலில் பாட்டுக் கேட்டே போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஏழாயிற்று, எட்டாயிற்று. ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். எட்டரைக்கு மேல்தான் பூசாரி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, ஒங்க அக்கா புள்ளைக்கு இங்க எப்பிடிக் குத்துவாங்க? அது அவங்க வூட்டுப் புள்ள. அவங்க சாமி எங்க இருக்குதோ அங்கதான் குத்துவாங்க. கட்டிக் குடுத்தாச்சுல்ல" என்றார்.

பையிலிருந்த பத்திரிகையை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். பெண்ணாடம், செல்லியம்மன் கோயில் என்று போட்டிருந்தது.

நீ கல்யாணமாகிப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. உன் கல்யாணத்தில் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறியவன் நான். ஆனாலும் நீ வேறு வீட்டுக்காரி, உன் குழந்தை வேறு சாமியின் குழந்தை என்பது எனக்கு அந்தக் காலையில், அந்தப் பூசாரி சொல்லித்தான் தெரிந்தது. ஏரிக்கரையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருந்தது. அதே மனதோடு இரண்டு பஸ் மாறிப் பெண்ணாடம் வந்தேன். வந்த இடத்தில் அண்ணன் அப்படிக் கேட்டார். நீ சொன்னதாகச் சொன்னதை நம்பாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வழி தெரியாமல் வேறு கோயிலில் போய் நின்றேன் என்று சொல்ல வெட்கம். அதற்கு, பேசமாட்டேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

குழந்தையின் காது என்னால் புண்ணாயிற்று என்று நான் நினைக்கமாட்டேன். நினைத்தேன், ஒருநாள். பிறகு விட்டுவிட்டேன்.

வருகிறேன் அக்கா. தேதியையும் இடத்தையும் எழுது, இந்தத் தடவை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பேசமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன், எல்லோர் முன்னாலும்தான் அதை மாற்ற வேண்டும். அதுவரை போன் போடமாட்டேன். நீயும் போடாதே. உன் நம்பர் மேல் வைத்த தடையை எடுத்துவிட்டேன், ஆனால் போடாதே.

நந்தா

&nbsp;

விருத்தாசலம்
12.8.2025

நந்தா,

நீ சொன்னபடி திலீபன் மாமாவிடம் சொல்லவில்லை. என் மாமியாரிடம் சொன்னேன்.

கோபப்படாதே. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பெரியநாயகி அத்தை வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார்கள். நீ தட்டை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை அவர்களே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்கள். படித்து முடித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடம் நீட்டினார்கள். வாயைத் திறந்து கேட்டேவிட்டேன். "அத்தை, இந்தத் தடவ எங்க சாமிகிட்ட குத்தட்டுமா?" இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில் 'எங்க சாமி' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்: "வலது காது எங்க அம்மனுக்குக் குத்தியாச்சு. எடது காது ஒங்க வீரனாருக்கு இருக்கட்டும். புள்ளைக்கு ரெண்டு வூடும் வேணும்ல." திலீபன் மாமாவிடம் அவர்களே சொல்லிவிட்டார்கள், எதற்காக இடம் மாறியது என்பதைத் தவிர.

ஆவணி பதினைந்து, ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்கு நேரம். பத்திரிகை அடிக்கவில்லை, அடித்தாலும் நீ படிக்கமாட்டாய். பெண்ணாடத்துக்குப் போகாதே. ஜங்ஷனில் இறங்கி, அன்றைக்குப் போன மாதிரியே நேராக ஏரிக்கரைக்குப் போ. ஆறரைக்கே போய் உட்கார்ந்தாலும் சரி, போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் சரி. தட்டை அதே இடத்தில் வைத்துக்கொண்டு இரு.

எங்கேயும் நகராதே. நாங்கள் வருகிறோம்.

அக்கா